எதத் தொலைச்ச, தம்பி?

முந்திரி இலை தடித்த இலை. உதிர்ந்து காய்ந்தால் அப்பளம்போல் நொறுங்கும். அதனால் பண்ருட்டிப் பக்கத்து முத்தாண்டிக்குப்பத்தின் முந்திரித் தோப்புகளுக்குள் யாரும் சத்தமில்லாமல் நுழைந்துவிட முடியாது. முதல் அடி வைத்ததுமே தோப்பு முழுக்கச் செய்தி போய்விடும். கரிச்சான் ஒரு குரல் கொடுக்கும். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்துகொண்டு ஏசும். அணில் வாலை வெட்டி வெட்டிக் கத்தும். பிறகு எல்லாம் அடங்கும். நம்மை ஏற்றுக்கொண்டதால் அல்ல, நாம் அசையாமல் உட்கார்ந்துவிட்டதால்.

இந்தப் பாடத்தை நான் படித்தது அறுபது வயதுக்கு மேல்தான். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வருடம் மகள் ஒரு கேமரா வாங்கித் தந்தாள். கூடவே முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். "சும்மா இருந்தா உங்களுக்கு ஆகாதுப்பா" என்றாள். சும்மா இருப்பதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை என்று நம் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கற்றுக்கொடுக்கப் போவது அந்தக் கேமராதான் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அது மிரர்லெஸ் கேமரா. பெயரிலேயே இருக்கிறது, கண்ணாடி இல்லாதது. பழைய வகைக் கேமராவில் லென்ஸ் வழியாக வரும் ஒளியை உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு சிறு கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தியதும் அந்தக் கண்ணாடி எகிறி வழிவிடும், ஒளி நேரே போய்ப் பதியும். அந்தக் கணம் பார்ப்பவன் கண்ணுக்கு இருட்டு. எந்தக் கணத்துக்காகக் காத்திருந்தானோ அந்தக் கணத்தை அவன் பார்ப்பதே இல்லை. படத்தில் வந்த பிறகுதான் பார்க்கிறான். இதைத் தெரிந்துகொண்டபோது கேமராவைப் பற்றி யாரோ சொன்னதுபோல் தோன்றவில்லை. முப்பத்தைந்து வருடம் நான் வாழ்ந்த விதத்தைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்தது.

புதிய கேமராவில் அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். இருட்டும் போய்விட்டது. ஆனால் கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும்போது தெரிவது குருவி அல்ல. உள்ளே இருக்கும் சின்னத் திரையில் ஓடும் குருவியின் படம். நிஜத்துக்கு ஒரு மயிரிழை பின்தங்கியே அது ஓடும். ஒரு மறைப்பை விலக்கினால் அடுத்த மறைப்பு அங்கே தயாராக நிற்கிறது.

முதல் நாள் காலை இரண்டு மணி நேரத்தில் ஆயிரத்துச் சொச்சம் படம் எடுத்தேன். விரலை வைத்தால் போதும், வினாடிக்கு இருபது படம் கொட்டுகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிக்குமேல் இலை. குருவி இருந்த கிளை இருக்கிறது, குருவி இல்லை. கொக்கை எடுத்தால் வெள்ளை வெளுத்துச் சிறகின் வரியே தெரியவில்லை. பறப்பதை எடுக்க வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. வெள்ளைப் பறவைக்கு ஒளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். கரிச்சானுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். பறவையின் கண் எங்கே என்று கேமராவே தேடிக் கட்டம் போட்டுக் காட்டும் வசதியும் அதில் உண்டு. அது பெரிய உதவி. ஆனால் சருகுக்குள் விட்டால் காய்ந்த இலையின் ஓட்டையைப் பார்த்தும் கட்டம் போடும், மரப்பட்டையின் கணுவைப் பார்த்தும் போடும். தேடும் வேகத்தில் இல்லாத இடத்திலும் கண்டுவிடுகிறது. மனசுக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

மா. கிருஷ்ணனை அப்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ஒரே பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழில் அவர் எழுதிய கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன. பிலிம் காலம் அது. சுருளில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள். அழுத்தினால் காசு, தவறினால் நஷ்டம். ஆகவே அந்தத் தலைமுறை அழுத்துவதற்கு முன்னால் நெடுநேரம் பார்த்தது. நானோ அழுத்திவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு நாள் அந்தியில் ஒரு சீழ்க்கை கேட்டது. இரண்டு சுரம். முதல் சுரம் ஏறி, இரண்டாவது இறங்கும். கொஞ்சம் விட்டு மறுபடியும். நேரம் பார்த்தேன், ஆறு.

ஆறுமணிக் குருவி. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் நம்மவர்கள் வைத்த பெயர். மைனாவைவிடச் சிறியது. ஐம்பது கிராம் சொச்சம்தான் எடை. முதுகு பச்சை, மார்பு வெளிர் பழுப்பு, வாலடி சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை, இறக்கையில் மின்னும் நீலம். வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு குட்டை. மழைக்காலத்தில் மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்துக்குத் தெற்கே வரும், இலங்கைவரை போகும். இரவில் பறக்கும். களைத்துப்போய் வீட்டுத் திண்ணையிலும் வராந்தாவிலும் விழுந்து கிடப்பதும் உண்டு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு அது வாழ்வது தரையில், நிழலில், சருகைப் புரட்டிப் புழு தின்றுகொண்டு. கேட்பது எளிது, காண்பது அரிது.

அதைப் பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் புகுந்தது. 'பிடித்துவிட வேண்டும்' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தமிழில் படத்தைப் பிடிக்கிறோம், இல்லையென்றால் எடுக்கிறோம். பிடிப்பது பற்று, எடுப்பது உடைமை. இந்த இரண்டு வினையையும் விட்டுவிட்டு இந்தக் கலையைச் சொல்ல நம்மிடம் வேறு சொல் புழக்கத்தில் இல்லை.

தினமும் போய்ச் சருகில் உட்கார்ந்தேன். தரைமட்டத்துக்குத் தலையைத் தாழ்த்தி, லென்ஸை ஒரு மணல் பையின் மேல் வைத்துக்கொண்டு இருப்பேன். ஒரு நாள் தோப்புக்கார ஆயா கொம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றது.

"எதத் தொலைச்ச, தம்பி?"

"ஒண்ணும் தொலைக்கல ஆயா. குருவி பாக்குறேன். ஆறு மணிக்குக் கத்துமே, அது."

"அது சாயங்காலம் கத்தும். இப்ப இன்னா உச்சி வெயில்ல வந்து குந்தியிருக்குற?"

சொல்லிவிட்டுப் போய்விட்டது. தொலைத்தவன்தான் தரையைப் பார்த்துத் தேடுவான். அதன் கணக்கில் தப்பில்லை.

ஆயாவின் தோப்பு புதிய தோப்பு. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் தலைமுறைகளாக நின்ற முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதன்பிறகு வைத்த கன்றுகள்தான் இன்று நிழல் தருகின்றன. மூலையில் தப்பிப் பிழைத்த பலா ஒன்று உண்டு. அதனடியில் சருகு முழங்கால் அளவு. குருவி அங்கேதான் இருந்தது. குரல் அங்கிருந்துதான் வந்தது. மார்கழி முடியும்வரை ஒரு படம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

*

தை பிறந்த வாரம். கைபேசியில் அதன் குரலை ஓடவிட்டால் வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பலரும் செய்கிற வேலைதான். ஒரு சாயங்காலம் பலாவுக்கு எதிரே கைபேசியைச் சருகுக்குள் செருகிவைத்து ஒலியைக் கூட்டினேன்.

இரண்டாவது சீழ்க்கைக்கே வந்துவிட்டது. தத்தித் தத்தி, கழுத்தை நிமிர்த்தி, திறந்த வெளிக்கே வந்து நின்றது. தலையைப் பின்னுக்குச் சாய்த்து எதிர்க்குரல் கொடுத்தது. சுற்றிச் சுற்றி வந்தது. கேமராவின் கட்டம் அதன் கண்ணில் ஒட்டிக்கொண்டது. அறுபது படம். ஒவ்வொன்றிலும் கண்ணில் ஒளிப்புள்ளி.

ஆயா எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்தது. "போன்லயா கத்துது?"

"ஆமா ஆயா."

"போன்லயே குருவி இருக்குதே. அப்பறம் எதுக்கு இங்க வந்து தேடுற?"

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். படங்களைப் பார்த்து மகள் பூரித்துப்போனாள். ராத்திரி படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. இந்தக் குருவி பனிக்காலத்தில் தனித்தனியாக வாழ்வது. ஆளுக்கு ஒரு துண்டு நிலம் பிடித்துக்கொண்டு, அதில் இன்னொன்று நுழையாமல் காத்துக்கொள்ளும். அந்தச் சீழ்க்கையே 'இது என் இடம்' என்ற அறிவிப்புதான். எத்தனையோ இரவுகள் பறந்துவந்து, ஒரு பலாமரத்தடியைத் தனக்கென்று வைத்துக்கொண்ட உயிரிடம், 'உன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான்' என்று நான் பொய் சொல்லியிருக்கிறேன். படத்தில் நான் ரசித்த நிமிர்ந்த கழுத்தும் விரிந்த நெஞ்சும் அழகு அல்ல, பதற்றம். நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஊர்கள் இடம்பெயர்ந்த வட்டாரம் இது. நிலத்தைக் கேட்டு யாரோ வருகிறார்கள் என்ற சொல் ஓர் ஆளின் நெஞ்சை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முண்டக உபநிடதத்தில் ஒரு காட்சி வரும். ஒரே மரத்தில் இரண்டு பறவைகள். ஒன்று கனியைத் தின்கிறது. மற்றொன்று தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. கேமராவைத் தூக்கிய நாளிலிருந்து நான் இரண்டாவது பறவை என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். கல்லெடுத்து அடிக்கவில்லை, கண்ணி வைக்கவில்லை, பார்ப்பவன்தானே? அன்றிரவுதான் தெரிந்தது, கண்ணாலும் தின்ன முடியும் என்று.

*

அந்தத் தைப்பூசத்துக்கு வடலூர் போனேன். எங்களுக்கு அது பக்கத்து ஊர். சிறுவயதிலிருந்து போவதுதான், ஆனால் பல வருடம் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் போய்வந்திருக்கிறேன். வள்ளலார் 1867இல் அங்கே தருமசாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். பசித்தவர்களுக்காக அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. 1872 தைப்பூசத்தில் சத்திய ஞான சபையில் முதல் வழிபாடு நடந்தது. உள்ளே ஜோதி, அதன் முன்னே ஆளுயரக் கண்ணாடி, அதற்கும் முன்னே ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, எல்லாம் கலந்த நிறம். தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கிக் காட்டுவார்கள். முதல் தரிசனம் விடியற்காலை ஆறு மணிக்கு.

ஆறு மணி என்றதும் குருவி நினைவுக்கு வந்தது. பனியில் நின்றுகொண்டு, முன்னால் நிற்பவர்களின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். திரைகள் ஒவ்வொன்றாக விலகின. சிவப்புத் திரைக்கு இச்சா சக்தி என்று பெயர் சொல்வார்கள். ஆசைக்கு அந்த நிறம் பொருத்தம்தான் என்று பட்டது. கடைசித் திரை விலகி, ஒளி தெரிந்து, மறுபடி மூடியது. அவ்வளவுதான். மொத்தமும் சில நொடிகள். கூட்டம் நகர்த்திக்கொண்டு போய்விட்டது. கையில் எடுத்துக்கொண்டு வர அங்கே எதுவும் இல்லை. ஆனால் வெளியே வந்தவர்கள் முகத்தில் எதையோ இழந்த சாயலும் இல்லை.

சபைக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது மனசு மெல்லக் கேமராவுக்குப் போனது. அதற்குள்ளும் திரை உண்டு. ஷட்டர் என்று சொல்வது உண்மையில் இரண்டு மெல்லிய திரைகள். ஒன்று விலகி ஒளியை விடும், மற்றது வந்து மூடும். ஓசையில்லாத முறைக்கு மாற்றினால் அந்தத் திரைகளும் அசையாமல் ஒதுங்கிக்கொள்ளும், மின்சாரமே வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆக என்னிடம் இருக்கும் கருவியில் கண்ணாடியும் போயிற்று, திரையும் போயிற்று. நடுவில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்று மாதமாகக் குருவி தெரியவில்லை. பொய் சொல்லிக் கூப்பிட்ட நாளில் தெரிந்ததும் குருவி அல்ல, என் ஆசைக்கு அது ஆடிய ஆட்டம். இன்னும் விலகாமல் நிற்கும் திரை எது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

மறைப்பதை விலக்குவதற்கு எங்கள் பக்கத்தில் இன்னொரு உருவமும் இருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே நின்ற காடு அது. இன்றும் நெய்வேலியில் மலைமலையாக மண்ணை விலக்கித்தான் அதை எடுக்கிறார்கள். எடுத்த பின் மிஞ்சுவது பள்ளம். வடலூரிலும் விலக்குகிறார்கள். அங்கே எடுப்பது இல்லை, ஆகவே பள்ளமும் இல்லை. ஊருக்கு வெளிச்சம் வேண்டும், நிலக்கரி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை, என் வீட்டு விளக்கும் அந்தக் கரியில்தான் எரிகிறது. விலக்குவது எதற்காக என்பதில் இருக்கும் வித்தியாசத்தை மட்டும் அன்று கண்டுகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அறுபது படங்களையும் அழித்தேன்.

*

மாசியில் முந்திரி பூத்து மணந்தது. கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு, அந்தி சாய ஒரு மணி நேரம் முன்னால் போய்ப் பலாவுக்கு எதிரே உட்காருவேன். கேமரா மடியில் இருக்கும். முதல் கால் மணி நேரம் கொசுவும் முதுகுவலியும். அடுத்த கால் மணி நேரம் நாளைய வேலை, நேற்றைய பேச்சு. அதற்கும் பிறகு தோப்பின் சத்தங்கள் தனித்தனியாகப் பிரியும். தையல்சிட்டு, செம்போத்து, தூரத்தில் ஒரு மயில், காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் சுரங்கத்தின் இரைச்சல். கடைசியில் சருகுக்குள் ஒரு புரட்டல். எலியா, ஓணானா, குருவியா என்று கேட்கிற அவசரமும் ஒரு நாள் நின்றுபோனது.

அப்படியொரு சாயங்காலம் அது வந்தது. பலாவேருக்கு இந்தப்பக்கம் நின்றது. அலகால் ஓர் இலையைக் கவ்வி எடுத்துப் பக்கத்தில் வைத்தது. வீசவில்லை, வைத்தது. கீழே இருந்ததை எடுத்துத் தின்றது. இரண்டு தத்து. இன்னொரு இலை. என்னை ஒரு முறை பார்த்தது. பயமும் இல்லை, நட்பும் இல்லை. வேரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. என் வாழ்வில் யாரும் என்னை அவ்வளவு இலகுவாகப் பார்த்ததில்லை. பிறகு தலையைச் சாய்த்துக் கூப்பிட்டது. யாருக்கும் பதிலாக அல்ல, ஆறு மணி ஆனதற்காக.

கேமரா மடியிலேயே இருந்தது. தூக்கினால் சருகு நொறுங்கும். தியாகம் என்று ஒன்றும் இல்லை, தூக்கத் தோன்றவில்லை. எதிர்பார்த்த நிறைவுகூட வரவில்லை. தாகம் தணிந்தபின் சொம்பைக் கீழே வைப்போமே, அந்த அளவுதான். நம் மொழி முத்திக்கு வைத்த பெயர் வீடு. விடு என்ற வினையில் பிறந்த சொல். பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போனவனுக்கு அந்தப் பலாமரத்தடியில் எதிர்ப்பதம் புரிந்தது.

கேமராவை விட்டுவிடவில்லை. அடுத்த வாரம் ஒரு படம் எடுத்தேன், ஒன்றே ஒன்று. வெளிச்சம் போதாமல் வேகத்தைக் குறைத்ததில் குருவி கலங்கிப் பச்சைக் கறையாகத் தெரிகிறது. படம் முழுக்க அரிசிப்பொரிபோல் புள்ளி. எவரிடமும் காட்டத் தகுந்ததல்ல. அதில் பொய் இல்லை என்பதால் வைத்திருக்கிறேன்.

பங்குனியில் கொட்டை பொறுக்கும் காலம். விழுகிற கொட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மரத்தடிச் சருகையெல்லாம் கூட்டிவிடுவார்கள். ஆயாவின் தோப்பும் பளிச்சென்று இருந்தது, பலாமூலை மட்டும் அப்படியே கிடந்தது.

"அத ஏன் வுட்டுட்ட ஆயா?"

"அங்க ஒண்ணு இருக்குதே. கெளம்புற வரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்."

ஆயாவிடம் கேமரா இல்லை. அந்தக் குருவியை எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நான் கேட்கவும் இல்லை. சித்திரை பிறப்பதற்குள் சீழ்க்கை நின்றுவிட்டது. வடக்கே போயிருக்கும்.

ஐப்பசியில் திரும்பி வரும். உங்கள் ஊர்த் தோப்பிலோ கொல்லையிலோ அந்தி ஆறு மணிக்கு இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டால், கைபேசியை எடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் அங்கேயே உட்காருங்கள். முடிந்தால், ஒரு மூலைச் சருகைக் கூட்டாமல் விட்டுவையுங்கள்.